மாமனார் டீ குடிக்கும் சத்தம்

“எனக்குத் தனிக்குடித்தனம் வேணும்.”

சாமுண்டீஸ்வரி இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. மாமியார் கெங்கம்மாள் குழம்புக் கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தினாள். மாமனார் துலுக்கானம் வாயிலிருந்த கவளத்தை அவசரமாக விழுங்கினார். அதுவும் சத்தத்தோடுதான் இறங்கியது. புருஷன் லட்சுமணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாளே சாமுண்டியின் அம்மா பொன்னியம்மா இதைப் பற்றி எச்சரித்திருந்தாள். நெமிலிச்சேரி வீட்டு வாசலில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே, புடவை கேள், நகை கேள், சினிமாவுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேள், தனிக்குடித்தனம் மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்றாள். நம் சனத்தில் முதல்முதலாகக் காலேஜ் படியேறியவள் நீ. நீ போய் ஒரு குடும்பத்தைப் பிரித்தால் இனி எவனும் பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டான் என்றாள். ஊரிலுள்ள பெண்பிள்ளைகள் அத்தனை பேரின் படிப்பும் தன் வாய்க்குள் இருப்பதாகக் கேட்டபோது சாமுண்டிக்குக் கோபம்தான் வந்தது. எண்ணெய் கண்ணில் வழிந்ததால் பதில் சொல்லவில்லை.

“நான் இன்னாமே பண்ணேன் உனுக்கு?” என்றாள் கெங்கம்மாள்.

“நீங்க ஒண்ணும் பண்ணல அத்தை.”

“அப்ப எம் புள்ள எதுனா பண்ணானா?”

“அவரும் ஒண்ணும் பண்ணல. சத்தம் தாங்கல. மாமா டீ குடிக்கிற சத்தம்.”

கெங்கம்மாள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டாள்.

அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்தது. ஓடு போட்ட ஒரே அறை, அதை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிய சமையலிடம், அதற்குள் நான்கு பேர். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அதே மண்ணில் அடுத்தவன் நிலத்தில் ஏர் ஓட்டியவர் துலுக்கானம். இப்போது அதன்மேல் எழும்பிய ஒரு கம்பெனியின் வாசலில் வாட்ச்மேன். நல்ல மனுஷர். மருமகளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் செருப்பு வாசலில் கவிழ்ந்து கிடந்தால் காலால் தள்ளாமல் குனிந்து கையால் நிமிர்த்தி வைப்பார். ஆனால் டீயை டபராவில் ஊற்றி, ஆற விடாமல், உதட்டை மட்டும் விளிம்பில் வைத்து உறிஞ்சுவார். அடைத்துக்கொண்ட சாக்கடையில் தண்ணீர் திடுமென்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம் ஒரு இடைவெளி. அப்புறம் ஒரு “ஹா”.

உறிஞ்சலைக்கூட சாமுண்டி பொறுத்துக்கொள்வாள். ஹாவையும் பொறுத்துக்கொள்வாள். நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஆளைக் கொன்றது. இதோ வருகிறது, இதோ வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் ஹா வராது. அந்த நாட்கள் இன்னும் மோசம்.

கெங்கம்மாளுக்கு ஏப்பம். ஒவ்வொரு ஏப்பத்துக்குப் பின்னாலும் ஒரு “முருகா”. ஏப்பத்துக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம் என்று கல்யாணமான புதிதிலேயே சாமுண்டி கேட்டுவிட்டாள். கெங்கம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்து, எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லும் என்றாள். அவள் வெற்றிலை மெல்லும் சத்தம் தனி. ஈரத்துணியைக் கல்லில் மெதுவாக அடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி, நிற்கவே நிற்காது.

சாமுண்டி பி.எஸ்ஸி. கணக்கு. பி.டி.யும் முடித்துவிட்டு வேப்பம்பட்டு ஹைஸ்கூலில் டீச்சர். மாமனார் டீ குடிக்கும் நேரத்தில் திருத்திய விடைத்தாள்களில் மார்க் குறைவாக விழுகிறது என்பதை ஒரு காலாண்டுப் பரீட்சையின்போது அவளே கண்டுபிடித்தாள். பிள்ளைகள் மேல் தப்பில்லை என்பதால் அந்த நேரத்தில் திருத்துவதை நிறுத்திக்கொண்டாள்.

கெங்கம்மாள் மருமகளின் எரிச்சலைக் கவனிக்காமல் இல்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவதும், காதைப் பொத்திக்கொண்டு கொல்லையில் நிற்பதும், யார் பேசினாலும் முகத்தைச் சுளிப்பதும் ஒரு பெண்ணுக்கு எதனால் வரும்? கெங்கம்மாளுக்கு ஒரே காரணம்தான் தெரியும். தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மாங்காய் வந்தது, புளிப்பு மிட்டாய் வந்தது, எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் சாம்பல்கூட வந்தது. இல்லை அத்தை, ஒன்றுமில்லை என்று சாமுண்டி சொன்னதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது வெட்கமில்லை என்று நிரூபணமான மாதம் கெங்கம்மாள் மிகவும் சோர்ந்துபோனாள். அந்தச் சோர்வில் ஏப்பம் அதிகமாயிற்று.

முடிவு எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. சாமுண்டி அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். துலுக்கானம் அவளுக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உறிஞ்சினார். இடைவெளி. அடுத்தபடியாக சாமுண்டிக்குத் தெரிந்தது, தான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது. கையில் குழவி இருந்தது. மிளகாய் விழுது அதிலிருந்து தரையில் சொட்டியது. எப்போது எழுந்தோம், எப்போது அதைத் தூக்கினோம் என்று அவளுக்கு ஞாபகமில்லை. நரைத்த மயிர் முளைத்த அந்தப் பிடரியைப் பார்த்தபடி நின்றாள்.

துலுக்கானம் திரும்பிப் பார்த்தார். “இன்னா டீச்சரம்மா, வெளிய போவணுமா?” என்று கேட்டுவிட்டு, டபராவோடு ஒரு பக்கமாக நகர்ந்து வழிவிட்டார்.

அவள் திரும்பிப் போய்க் குழவியை அம்மியில் வைத்தாள். இதில் யார் மேல் தப்பு என்று கேட்டால் அவளுக்குப் பதில் சுலபமாகத் தெரியும். அதற்காக அவளால் காதை மாற்றிக்கொள்ள முடியாது.

மறுநாள் சனிக்கிழமை லட்சுமணனை வேப்பம்பட்டுக்கு ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். கூட வேலை பார்க்கும் அன்னம்மாள் டீச்சரின் வீட்டில் பின்பக்கம் ஒரு அறை காலியாக இருந்தது. சுற்றிலும் வேலிகாத்தான் புதர்தான். குழவி விஷயம் உட்பட எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். மாசா மாசம் வந்து அவர்களைப் பார்ப்போம், உங்கள் சம்பளத்தில் அவர்களுக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டாம், ஆனால் இனிமேல் அந்த வீட்டில் நான் இருந்தால் ஒரு நாள் ஏதாவது ஆகிவிடும் என்றாள். லட்சுமணன் அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தான், மூடினான். தலையாட்டினான்.

அவன் அப்படித்தான். பெண் பார்க்க வந்தபோதே அவள் அதைக் கவனித்திருந்தாள். அதற்கு முன் வந்தவர்கள் பஜ்ஜியைக் கடித்ததும் காபியை உறிஞ்சியதும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டது. லட்சுமணன் குடித்தபோது டம்ளர் காலியாவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இவன்தான் என்று அன்றே சொல்லிவிட்டாள். பாடியில் பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை என்பதால்தான் மகள் சம்மதித்தாள் என்று பொன்னியம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவள் தனிக்குடித்தனம் கேட்டபோது, புருஷன் தன் பக்கம் என்ற தைரியத்தில்தான் கேட்டாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்கு அவன் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம், அவன் அம்மா அழுகிறாள், போகட்டும் என்று விட்டாள்.

அந்த வாரம் கெங்கம்மாள் அவளைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனாள். பயந்தவர்களுக்கும் பால் குடிக்காத குழந்தைகளுக்கும் ஓதி ஊதிவிடும் பஷீருதீன் சாயபுவிடம் உட்காரவைத்தாள். சாயபு மருமகளின் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், இந்தப் பெண்மேல் ஒன்றும் இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். வந்ததற்கு ஒரு தடவையாவது ஊதிவிடச் சொல்லிக் கெங்கம்மாள் கெஞ்சியதால் முகத்தில் ஊதினார். அந்த ஊதல் சத்தமும் சாமுண்டிக்குப் பிடிக்கவில்லை. மரியாதைக்காகச் சொல்லவில்லை.

சாயபு கைவிட்ட பிறகு வேம்புலிதான் மிச்சம்.

வேம்புலி லட்சுமணனுடைய கம்பெனியில் சங்கச் செயலாளர். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துச் சண்டை சச்சரவுகளையெல்லாம் ஊர்ப் பெரியதனக்காரர்கள் தீர்த்துவைத்தார்கள். நிலம் போய் எஸ்டேட் வந்த பிறகு அந்த வேலை சங்கத்துக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. ஷிப்ட் தகராறு, போனஸ் தகராறு தீர்ந்த நேரத்தில் வேம்புலி புருஷன் பெண்டாட்டித் தகராறுகளைத் தீர்த்தார். இரண்டுக்கும் அவரிடம் ஒரே முறைதான் இருந்தது. அது ரயில் வேலைநிறுத்தம் நடந்து முடிந்த வருஷம். அவர் பேச்சில் பாதி மேடைப் பேச்சாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பாயில் உட்கார்ந்தார். இது பஞ்சாயத்து இல்லை, பேச்சுவார்த்தை என்று முதலிலேயே தெளிவுபடுத்தினார். மருமகள் கோரிக்கை வைத்த தரப்பு. மாமனாரும் மாமியாரும் நிர்வாகத் தரப்பு. ஆயுசு முழுக்க ஏர்க்காலும் லாந்தரும் பிடித்த துலுக்கானத்துக்குத் தன்னை ஒருவர் நிர்வாகம் என்று சொன்னதில் உள்ளுக்குள் பெருமைதான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். லட்சுமணன் எந்தத் தரப்பு என்று வேம்புலி சொல்லவில்லை. அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

வேம்புலி வழக்கமான கேள்விகளிலிருந்து தொடங்கினார். அடிக்கிறானா? இல்லை. வேறு பொம்பளை சகவாசம்? இல்லை. நகையைப் பிடுங்கினார்களா, வாய்க்கு வந்தபடி பேசினார்களா, சோறு போடவில்லையா? இல்லை, இல்லை, இல்லை. குடிக்கிறானா? அவர் இல்லை, மாமாதான் குடிக்கிறார், டீ, என்றாள் சாமுண்டி.

வேம்புலி தலையைச் சொறிந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காரணம் அவர் முன்னால் வந்ததில்லை. கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டு, வேறு எதாவது இருந்தால் பயப்படாமல் சொல், மாமியார் ஒரு தடவை கை நீட்டினாள் என்று வைத்துக்கொண்டால்கூட எனக்குப் பேச வசதியாக இருக்கும் என்றார்.

“கை நீட்டலியே.”

“நான்கூட ஒரு பேச்சுக்கு ஒத்துக்கறேன் அண்ணாத்தே” என்றாள் கெங்கம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே. மருமகள் காரணமில்லாமல் போனாள் என்ற பேச்சைவிட அது பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“நடக்காததை நான் சொல்லமாட்டேன். அவங்க நல்லவங்க. சத்தம்தான் காரணம்.”

“இன்னாம்மா நீ” என்றார் வேம்புலி. “கம்பெனி சங்கு ஊதுது. அந்தாண்ட ரயிலு ஓடுது. ராவும் பகலும் லாரி. அதெல்லாம் தாங்கிக்கினு கீற. ஒரு பெருசு டீ குடிக்கறத தாங்க முடியலியா? பள்ளிக்கூடத்துல அறுவது புள்ளைங்க கத்துமே, அது?”

“அங்க நான் வாயை மூடுன்னா மூடிடுவாங்க.”

“சரி. அவரு இன்னா வேணும்னா சத்தம் போடறாரு?”

“இல்ல. அதான் அவரை ஒண்ணும் சொல்லல. நான் போறேன்னுதான் சொல்றேன்.”

வேம்புலி சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, புகார் என்றால் நேரில் ஆய்வு செய்தாக வேண்டும் என்று முடிவு சொன்னார். இயந்திரத்தில் கோளாறு என்றால் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்காமல் பேசுவதில் அர்த்தமில்லை. கெங்கம்மாள் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ போட்டாள். துலுக்கானத்தை நடுவில் உட்காரவைத்து, தினமும் எப்படிக் குடிப்பாயோ அப்படிக் குடி, எதையும் மறைக்காதே என்றார் வேம்புலி.

துலுக்கானம் டபராவை எடுத்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் வெலவெலத்துப் போனார். உதட்டை வைத்தார், எடுத்தார், ஊதினார், மறுபடி வைத்தார். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் எறும்பு மாதிரி, ஒரு பொட்டுச் சத்தம் வராமல் முழு டபராவையும் குடித்து முடித்து, வாயைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். ஹாவும் வரவில்லை.

“ஒண்ணியும் கேக்கலியே” என்றார் வேம்புலி.

எல்லோரும் இப்போது சாமுண்டியைப் பார்த்தார்கள். படித்த பெண் பொய் சொன்னதைப் பார்க்கிற பார்வை. கெங்கம்மாளின் முகத்தில்கூடக் கொஞ்சம் தெளிவு வந்தது. விஷயம் முடிந்தது என்ற நிம்மதியில் வேம்புலி தன் டம்ளரை எடுத்து உதட்டில் வைத்து ஒரு இழு இழுத்தார். பிறகு தொண்டையைத் திறந்து, “ஹா” என்றார்.

“இதான்” என்றாள் சாமுண்டி.

“எது?”

“இந்தச் சத்தம்தான். இது சட்டுனு முடிஞ்சிடுது, மாமாவோடது இன்னும் கொஞ்சம் இழுக்கும்.”

வேம்புலி டம்ளரைக் கீழே வைத்தார். அதுவரை அவர் நடுநிலையாகத்தான் இருந்தார். கலெக்டரோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், மந்திரியோடு குடித்திருக்கிறேன், ஒருத்தரும் என்னை இப்படிச் சொன்னதில்லை என்றார். அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று சாமுண்டி ஒத்துக்கொண்டாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு அவர் மீதி டீயைத் தொடவே இல்லை. அது ஆறி ஆடை கட்டியது.

கடைசியாக ஒரு சமரசம் சொன்னார். சொல்லும்போது மருமகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். நிர்வாகத் தரப்பு டீ, காபி, கஞ்சி எதுவானாலும் இனி வீட்டுக்கு வெளியே குடிக்கும். தெருக்கோடியில் குழாயடித் திண்டு இருக்கிறது, அங்கே. மாமியார் வெற்றிலையைக் குறைத்துக்கொள்வாள். மருமகள் கோரிக்கையை வாபஸ் வாங்கவேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம்.

துலுக்கானம் உடனே எழுந்துவிட்டார். டபராவை இடுக்கிக்கொண்டு, அப்போதே குழாயடிக்குப் போகத் தயாரானவர் மாதிரி நின்றார்.

“நான் தெருவுலியே குடிச்சிக்கறேன் டீச்சரம்மா. எனுக்கு இன்னா, காத்தாட இருக்கும். நீ போவாதே.”

சாமுண்டிக்கு அழுகை வந்தது. வந்ததை அவள் விரும்பவில்லை. அந்த மனுஷர் டபராவைத் தூக்கிக்கொண்டு, தெருக்கோடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, சத்தம் வருகிறதா என்று பயந்து பயந்து டீ குடிப்பதை நினைத்துப் பார்த்தாள். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க அவள் என்ன செய்தாலும் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

“இது உங்க ஊடு மாமா. நீங்க எதுக்கு வெளிய போவணும்? உக்காருங்க.”

பிறகு லட்சுமணன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. ரூமைப் பார்த்தீங்க. சரின்னீங்க. அதை இவங்க எதிரில ஒரு தரம் சொல்லுங்க.”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கெங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பெத்த பிள்ளை பேசப்போகிறான் என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது. வேம்புலி, சொல்லுப்பா, தைரியமாகச் சொல், உன் பொண்டாட்டியோடு போகிறாயா இங்கே இருக்கிறாயா என்றார்.

லட்சுமணன் வலது கையை இடுப்புயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க விரித்து, மெதுவாக இரண்டு தரம் அமுக்கினான்.

அவன் வேலை செய்யும் பிரஸ் ஷாப்பில் பேச்சுக் கேட்காது. தகடு வெட்டுகிற இரைச்சலில் வாயைத் திறந்து பிரயோசனமில்லை. அங்கே எல்லாமே கையால்தான்: தூக்கு, இறக்கு, நிறுத்து, சாப்பாட்டுக்குப் போகலாம். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால், இரு, இப்போது எதையும் தொடாதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். வேம்புலிக்கு அது புரிந்தது. சாமுண்டிக்கும் கல்யாணமான இத்தனை நாளில் புரியப் பழகியிருந்தது.

“அப்ப சரி. இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்னு தம்பி சொல்லுது” என்றார் வேம்புலி. பேச்சுவார்த்தை வெற்றி என்பது போலப் பாயிலிருந்து எழுந்து வேட்டியை உதறினார்.

“அவர் ஒண்ணும் சொல்லல” என்றாள் சாமுண்டி. “வாயால சொல்லச் சொல்லுங்க. வரமாட்டேன்னாவது சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன்.”

லட்சுமணன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். சாமுண்டியைப் பார்த்தான். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இந்த வீட்டிலேயே அவளைத் தொந்தரவு செய்யாத ஒரே வாய் அது. அதைத் திறக்கவைக்க ஒரு வாரமாக என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் அதே தலையாட்டல். ஒவ்வொரு காலையும் அதே தட்டைப் பார்க்கும் பார்வை. சாமுண்டி கொஞ்ச நேரம் நின்றாள். தெருவில் யாரோ குடத்தை நகர்த்தினார்கள்.

அவள் மூலையிலிருந்த தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அது காலையிலேயே பூட்டித் தயாராக இருந்தது. அவன் வந்தாலும் வராவிட்டாலும் இன்று ரயிலேறுவது என்று, வேம்புலி பாயில் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே தீர்மானித்திருந்தாள். அவன் வேட்டி சட்டைகளையும் மடித்துத் தனியாக ஒரு பையில் வைத்திருந்தாள். அந்தப் பையை எடுக்கவில்லை. கெங்கம்மாளிடம், கூடையில் புளி தீர்ந்துவிட்டது, வாங்கச் சொல்லுங்கள் என்றாள். துலுக்கானத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“ஊர் உலகத்துக்கு இன்னா சொல்றது?” என்றாள் கெங்கம்மாள்.

“உள்ளதைச் சொல்லுங்க அத்தை. மாமா டீ குடிக்கற சத்தம் பிடிக்காம போயிட்டான்னு சொல்லுங்க. என்னைத்தான் திட்டுவாங்க. உங்களை ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்றார் வேம்புலி. பேசுங்கள் என்றாள் அவள்.

வாசலைத் தாண்டியபோது லட்சுமணன் பின்னாலேயே வந்து அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான். கூட வரத்தான் போகிறான் என்று ஒரு நிமிஷம் அவள் நினைத்தாள். இரண்டு பேரும் தெருக்கோடி வரை போனார்கள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள். அங்கே அவன் நின்றான். பெட்டியைக் கீழே வைக்கவில்லை, மேலே நடக்கவும் இல்லை. திரும்பி வீட்டைப் பார்த்தான்.

“ஸ்டேஷனுக்கு மட்டுமா, வேப்பம்பட்டுக்கா?” என்று அவள் கேட்டாள்.

அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.